இருநூற்றிரண்டு வயது

மூத்தோர் நீச்சல் போட்டிகளின் விதிகளில் ஒன்று எங்களுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. தனிநபர் போட்டிகளில் 25 வயது தொடங்கி ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிவுகள் வகுத்திருக்கிறார்கள். போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று ஒருவருக்கு என்ன வயதோ அதுவே கணக்கு. தொடர் நீச்சலுக்கு, அதாவது ரிலேவுக்கு, கணக்கு வேறு. அங்கே நால்வரின் வயதையும் கூட்டுகிறார்கள். கூட்டுத்தொகை 160 முதல் 199 வரை ஒரு பிரிவு. 200 முதல் 239 வரை அடுத்த பிரிவு. எங்கள் நால்வரின் வயது 49, 50, 51, 52. மொத்தம் 202. ஆளுக்கு 50 மீட்டர் வீதம் நாங்கள் நீந்தவேண்டிய தூரமோ 200 மீட்டர்தான்.

வயதைக் கூட்டிப் பார்த்து, ‘சரி, நீங்கள் வரலாம்’ என்று எங்களிடம் சொன்ன கணக்கு வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை. பெண்ணின் வயதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் எதையாவது கழிப்பதற்காகவே கேட்கிறார்கள்.

எங்கள் பெயர்கள் இங்கே அவசியமில்லை. மெட்லி ரிலேயில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நீச்சல் முறை உண்டு. அதுவே பெயராக இருந்துவிட்டுப் போகட்டும். முதலில் இறங்குபவள் பேக் ஸ்ட்ரோக். மல்லாந்து நீந்துபவர் நீருக்குள் இருந்தபடியேதான் புறப்பட முடியும் என்பதால் அவளுக்கு எப்போதும் முதல் இடம். அடுத்து பிரெஸ்ட் ஸ்ட்ரோக், பிறகு பட்டர்ஃபிளை, இறுதியாக ஃப்ரீ ஸ்டைல். இதே நால்வர், இதே வரிசையில், கடைசியாக ஒன்றாக நீந்தியது 1989-இல், அப்போது மெட்ராஸ் என்றழைக்கப்பட்ட நகரில், பள்ளிகளுக்கிடையிலான ஒரு போட்டியில். 2 நிமிடம் 34 விநாடி. எங்களுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. சான்றிதழ் ஒருத்தியிடம் மட்டும் இன்னும் இருக்கிறது. மற்ற மூன்றும் வீடு மாறும்போது எங்கோ போயின.

அதன்பிறகு நாங்கள் விலகினோம் என்று எழுதினால் அது சரியான சொல்லாகாது. வேண்டாம் என்று எவரும் எங்களிடம் கடிந்து பேசவில்லை. பூப்பெய்திய பிறகு ஒருத்தி பதினாறு நாள் வரவில்லை. பதினேழாம் நாளும் வரவில்லை. இன்னொருத்திக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு வந்தது. தேர்வு முடிந்த பிறகும் அது முடியவே இல்லை. வெயிலில் கறுத்துவிடுவாள் என்ற கவலை ஒரு வீட்டில். குளோரினில் முடி கொட்டிவிடும் என்ற கவலை இன்னொரு வீட்டில். குளத்தின் சுற்றுச்சுவருக்கு அப்பால் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பவர்களைப் பற்றி எல்லா வீடுகளிலும் பேச்சு இருந்தது. ஆனால் எங்களுக்குக் கேட்காதபடி. நீச்சலுடை ஒருநாள் பரணுக்குப் போயிற்று. அதை யார் எடுத்து வைத்தார்கள் என்றுகூட நாங்கள் கேட்கவில்லை.

எங்களோடு பயின்ற பையன்கள் தொடர்ந்து வந்தார்கள். 1994-இல் குற்றாலீஸ்வரன் என்ற சிறுவன் ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்து, மிஹிர் சென்னின் பதிவை முறியடித்தபோது தமிழ்நாடே அவனைக் கொண்டாடியது. நாங்கள் அப்போது கல்லூரி மாணவிகள். செய்தித்தாளை விரித்துப் படித்தோம், மகிழ்ந்தோம், மடித்து வைத்தோம். பெண்களுக்கு முன்னுதாரணம் இல்லாமல் போய்விடவில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பதினொரு வயதில் நீந்திய ஆரத்தி சாஹா, 1959 செப்டம்பர் 29 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண் ஆனார். ஆனால் முன்னுதாரணம் பாடப்புத்தகத்தில் இருந்தது. நீச்சலுடை பரணில் இருந்தது.

இந்த இடத்தில் புறநானூற்றின் 243-ஆம் பாடலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பாடியவரின் இயற்பெயர் தெரியாது. பூண் கட்டிய ஊன்றுகோலைக் குறிக்கும் சொற்கள் அந்தப் பாடலில் வருவதால் தொடித்தலை விழுத்தண்டினார் என்று அவரை அழைக்கிறோம். கோலூன்றி, இருமலுக்கு நடுவே சில சொற்களே பேசும் ஒரு கிழவர், தம் இளமையை எண்ணிப் பார்க்கிறார். நீர்த்துறையில் தாழ்ந்திருந்த மருத மரத்தின் உயர்ந்த கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் திகைக்க, ஆழமான மடுவில் குதித்து, அடிமணலை அள்ளிக்கொண்டு மேலே வந்த இளமை அது. இப்போது எங்கே போயிற்று என்று இரங்குகிறார். பள்ளியில் படித்தபோது எங்களுக்கு அந்தக் கிழவரைப் பிடித்திருந்தது. ஐம்பதை நெருங்கி மீண்டும் படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. அந்தக் குளத்தில் பெண்களும் இருக்கிறார்கள். மணலில் பாவை செய்து அதற்குப் பூச்சூட்டுகிறார்கள். அவர்களோடு கைகோத்து அவர் நீராடியிருக்கிறார். அந்தப் பெண்களும் கிழவிகளாகியிருப்பார்கள் அல்லவா? அவர்கள் எதை எண்ணி இரங்கினார்கள்? கிழவரின் இளமையைக் காலம் கொண்டுபோயிற்று. அவர்களுடைய நீரைக் கொண்டுபோனது காலந்தானா?

எங்களை மீண்டும் நீருக்கு அழைத்து வந்தது இலட்சியம் எதுவுமன்று, சர்க்கரை நோய். பேக் ஸ்ட்ரோக்காரிக்கு வலது தோள் இறுகி, சேலைத் தலைப்பைப் பின்னால் இழுத்துவிடக்கூட முடியாமல் போயிற்று. உறைந்த தோள் என்கிறார்கள். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதில், அதிலும் சர்க்கரை உள்ளவர்களிடம், அதிகம் காணப்படுவது. தோள் ஓரளவு தளர்ந்த பிறகு, மெதுவாக நீந்திப் பாருங்கள் என்று மருத்துவர் சொன்னார். தனியாகப் போகத் தயங்கி அவள் இன்னொருத்தியை அழைத்தாள். அவள் மற்றொருத்தியை. ஆறு மாதத்தில் நால்வரும் சேர்ந்துவிட்டோம். காலை வேளையில் பெண்களுக்கென்று ஒதுக்கிய ஒரு மணி நேரம், அதில் நாற்பது நிமிடம் நீரில். மீதி இருபது நிமிடம் தலை துவட்டவும் பேசவும்.

நீச்சல் மறக்காது என்பார்கள். அது பாதி உண்மை. முதல் நாள் கைகள் தாமாகவே நீரைப் பற்றி இழுத்தன, முழங்கை உயர்ந்தது, தலை சரியான பக்கம் திரும்பியது. ஆனால் இருபது மீட்டருக்குள் மூச்சு தீர்ந்துவிட்டது. பதினான்கு வயதில் கற்ற அசைவை ஐம்பது வயது நுரையீரல் நடத்திக் கொடுக்கவேண்டியிருந்தது. கைக்குத் தெரிந்தது காலுக்கு வலித்தது. கிக் போர்டைப் பிடித்துக்கொண்டு குளத்தை ஒருமுறை கடந்தால் கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. நால்வரும் மாறிமாறி ஒருவர் காலை ஒருவர் நீவிவிட்டுக்கொண்டு கரையில் அமர்ந்திருந்ததைக் கண்ட நீச்சல் கற்கும் சிறுமிகள், நாங்கள் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்று எண்ணித் தைரியம் சொன்னார்கள்.

நாங்கள் இல்லாத காலத்தில் விதிகள் மாறியிருந்தன. பேக் ஸ்ட்ரோக்கில் சுவரைக் கையால் தொட்டபிறகே திரும்பவேண்டும் என்று எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள். 1991 முதல் அது தேவையில்லை. சுவரை நெருங்கும்போது குப்புறப் புரண்டு, குட்டிக்கரணம் போட்டு, காலால் உதைத்துத் திரும்பலாம். 2005 முதல் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில், புறப்படும்போதும் திரும்பும்போதும் நீருக்கடியில் டால்ஃபினைப் போல் ஓர் உதை அனுமதிக்கப்பட்டிருக்கிறது. பட்டர்ஃபிளையிலும் ஃப்ரீ ஸ்டைலிலும் நீருக்கடியில் 15 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பு 1998-இல் வந்தது. எங்களுக்கு அந்த வரம்பினால் ஆபத்தில்லை. ஐந்து மீட்டரிலேயே மேலே வந்துவிடுகிறோம். ஆனால் பேக் ஸ்ட்ரோக்காரியின் கை மட்டும் இன்றும் சுவரைத் தேடுகிறது. ஐம்பது மீட்டர் குளத்தில் அவளுக்குத் திரும்பும் வேலையே இல்லை. பயிற்சியின்போது அவள் சுவரைத் தொட்டுத் திரும்புவதைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு 1989 கண்முன் வந்து போகும். அதைத் திருத்தவேண்டாம் என்று நாங்கள் மூவரும் சொல்லிவிட்டோம்.

பட்டர்ஃபிளைதான் பெரும் சோதனை. நால்வரிலும் அன்று வலிமையானவள் அவள். 37 விநாடியில் ஐம்பது மீட்டர் நீந்தியவள். இன்று இரண்டு கால்களையும் சேர்த்து அலைபோல் அடிக்க இடுப்பு இணங்கவில்லை. பாதியில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். தனக்குப் பதிலாக வேறொருத்தியைத் தேடிக்கொள்ளும்படி சொல்லிவிட்டாள். அப்போதுதான் மூத்தோர் விதிகளில் ஒரு சலுகை இருப்பதைக் கண்டுபிடித்தோம். பட்டர்ஃபிளையில் கைகளை வழக்கம்போல் வீசி, கால்களைப் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் போலத் தவளை உதையாக உதைக்கலாம். கைவீச்சு ஒன்றுக்கு ஓர் உதை. சலுகை என்ற சொல் அவளுக்கு உவப்பாக இல்லை. ஆனால் பட்டர்ஃபிளை பிறந்த வரலாறே அதுதான். 1930-களில் மார்பு நீச்சல் போட்டிகளில் சிலர் கைகளை நீருக்கு மேலே வீசத் தொடங்கினார்கள். கால்கள் மட்டும் பழைய தவளை உதையிலேயே இருந்தன. பின்னர் அது தனி நீச்சலாகப் பிரிக்கப்பட்டு, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தனிப் போட்டியாயிற்று. அவள் இப்போது நீந்துவது குறைப்பட்ட பட்டர்ஃபிளை அல்ல, தன்னைவிட மூத்த பட்டர்ஃபிளை என்று சொன்னோம். சிரித்தாள். மறுநாள் வந்து ஐம்பது மீட்டரையும் முடித்தாள். 1 நிமிடம் 5 விநாடி.

மூத்தோர் நீச்சலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கக் கடற்படை மருத்துவரான ரான்சம் ஆர்தர், கல்லூரியோடு நீச்சலை விட்டவர்களை உடல்நலத்தின் பொருட்டு மீண்டும் குளத்துக்கு அழைக்க எண்ணினார். 1970 மே மாதம் டெக்சஸ் மாநிலத்தின் அமரில்லோ நகரில் முதல் தேசியப் போட்டி நடந்தது. 46 பேர் நீந்தினார்கள். 1986-இல் டோக்கியோவில் முதல் உலகப் போட்டி. ஏறத்தாழ எண்பது வயதில் முழங்கால் வலிக்காக நீச்சல் பழகிய ஜப்பானின் மியேகோ நாகவோகா, 2015-இல் தம் நூறாவது வயதில் 1500 மீட்டரை மல்லாந்தபடியே நீந்தி முடித்தார். ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆயிற்று. நூறு வயதில் அத்தூரத்தை நீந்தியவர் அவருக்கு முன் எவருமில்லை. இச்செய்திகளையெல்லாம் தேடிப் படித்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். ஆயினும் எங்களுக்கு முன்னால் நின்ற கேள்விக்கு நாகவோகாவிடம் விடை இல்லை.

கேள்வி உடை பற்றியது. காலையில் எங்கள் குளத்துக்கு வரும் பெண்களில் பெரும்பாலோர் முழுக்கை வைத்த, கணுக்கால் வரை நீளும் நீச்சலுடையே அணிகிறார்கள். நாங்களும் அப்படியே. சர்வதேசப் போட்டிகளின் பொது விதிப்படி 2010 முதல் பெண்களின் நீச்சலுடை கழுத்தை மறைக்கக்கூடாது, தோளைத் தாண்டக்கூடாது, முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. எங்கள் போட்டியும் அந்த விதியையே பின்பற்றுகிறது. மூவர் ஒருவாறு மனத்தைத் தேற்றிக்கொண்டோம். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்காரி மௌனமாக இருந்தாள். அவளுடைய மகன், அம்மாவின் நலம் நாடுபவன், ‘யாராவது படமெடுத்து எங்கேயாவது போட்டுவிட்டால் என்ன செய்வீர்கள்’ என்று கேட்டிருந்தான். அவனைக் குறை சொல்லவும் எங்களால் முடியவில்லை. அன்று சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தவர்களின் கையில் இன்று தொலைபேசி இருக்கிறது என்பது உண்மைதானே.

ரிலேவுக்கு நால்வர் வேண்டும். மூவரைக் கொண்டு நடத்தும் ரிலே எதுவுமில்லை. ஆனாலும் அவளை வற்புறுத்துவதில்லை என்று முடிவு செய்தோம். ஒருகாலத்தில் எங்களைக் கேட்காமலே எங்கள் பொருட்டு முடிவெடுத்தார்கள். அதே காரியத்தை, நல்ல நோக்கத்துக்காகக்கூட, நாங்கள் ஒருத்திக்குச் செய்யக்கூடாது. பெயர் கொடுக்கக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. புதன்கிழமை வரை அவளிடமிருந்து பதிலில்லை.

அன்று மாலை அவள் வீட்டில் கூடியிருந்தோம். அவளுடைய தாயாருக்கு 78 வயது, மகளோடு இருக்கிறார். புதிய நீச்சலுடை கட்டிலின் மேல் கிடந்தது. அம்மா அதை எடுத்துத் துணியைத் தடவிப் பார்த்தார். இது நனைந்தால் கனக்குமா என்று கேட்டார். கனக்காது என்றோம். ‘எங்க பாவாடை கனக்கும். கால்ல சுத்திக்கும். அதோடதான் நீஞ்சுவோம்’ என்றார்.

எங்களுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. மணப்பாறைப் பக்கம் அவருடைய ஊர். தோட்டத்துக் கிணற்றில், காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு, தாய்மாமனிடம் நீச்சல் பழகியவர். பத்து வயதில் குடுக்கை இல்லாமலே கிணற்றின் மேல்கல்லிலிருந்து குதிப்பாராம். பன்னிரண்டு வயதில் பெரியவளானார். அதன்பின் கிணற்றுப் பக்கம் போகவில்லை. அடுத்த ஆண்டு அந்தக் குடுக்கையில் கீரை விதை போட்டு அடுக்களையில் தொங்கவிட்டார்கள் என்றார்.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக உடனிருந்த மகளுக்கு இது தெரியாது. அம்மா ஒருபோதும் சொன்னதில்லை. ‘அப்படியானால் என்னை ஏம்மா நிறுத்தினே?’ என்று அவள் கேட்டாள். அதட்டலாக அல்ல, பத்தாம் வகுப்புச் சிறுமியின் குரலில். அம்மா நீச்சலுடையை மடித்துக்கொண்டே பதில் சொன்னார்: ‘எப்படியும் ஒருநாள் நிறுத்தத்தான் போறாங்க. சீக்கிரமா நிறுத்திட்டா ஆசை வேர் விடாதுன்னு நினைச்சேன். நீ ஒரு நாளும் இதைக் கேக்கலையேடி.’

பரணில் நீச்சலுடையை எடுத்து வைத்தது யார் என்று அன்று தெரிந்துகொண்டோம். அதை அவர் பழந்துணியோடு போடாமல், வெள்ளைத் துணியில் சுற்றி, வேப்பிலை வைத்துத் தனியாகக் கட்டி வைத்திருந்தாராம். வீடு மாறும்போது அது தொலைந்தது, தேடியதாகவும் சொன்னார். மகள் எதுவும் பேசவில்லை. வியாழக்கிழமை காலை பயிற்சிக்கு வந்தபோது, படிவத்தில் தன் பெயரைத் தானே எழுதினாள். மகனிடம், மேடையில் ஏறும் வரை மேலே துண்டைப் போர்த்திக்கொள்வேன், அதன்பிறகு நீர் என்னைப் போர்த்திக்கொள்ளும் என்று சொல்லிவிட்டாளாம். அவன் அன்று மாலையே கண்ணாடியும் தொப்பியும் வாங்கி வந்து கொடுத்திருக்கிறான்.

இப்போது மாற்றுப் பயிற்சி நடக்கிறது. ரிலேயில் கடினமானது நீந்துவது அன்று, நிற்பது. முன்னவள் சுவரைத் தொடுவதற்கு முன் பின்னவளின் கால் மேடையை விட்டு எழுந்தால் அணி முழுவதும் தகுதி இழக்கும். ஆகவே வருபவளின் கையை மட்டுமே பார்த்துக்கொண்டு, குனிந்து, உடம்பை முன்னே சாய்த்து, காலைக் கல்லில் ஊன்றி நிற்கவேண்டும். மேடையில் ஏற முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் நீரிலிருந்தே சுவரை உதைத்துப் புறப்படலாம் என்று மூத்தோர் விதி இடம் தருகிறது. நாங்கள் மேடையையே தேர்ந்துகொண்டோம். கையிலிருந்து காலுக்கு, காலிலிருந்து நீருக்கு என்று அந்தக் கணம் கடந்துபோகிறது. சென்ற வாரம் நான்கு பேரும் சேர்ந்து 3 நிமிடம் 53 விநாடி எடுத்துக்கொண்டோம். 1989-ஐவிட ஒரு நிமிடம் பத்தொன்பது விநாடி அதிகம். அதற்காக நாங்கள் வருந்தவில்லை. அன்று எங்களுக்கு வேகம் இருந்தது. எத்தனை நாள் நீந்துவோம் என்பது எங்கள் கையில் இல்லை.

போட்டி ஞாயிற்றுக்கிழமை காலையில். எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும் என்று அம்மா இதுவரை இரண்டு முறை கேட்டுவிட்டார்.